முனிவர் வாராத ஊரில் வையாவிருத்தியம்

இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்கள் யாவை என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், அணுவிரதங்கள் ஐந்தையும் தடையின்றிச் சொல்லிவிடுவர். குணவிரதங்கள் மூன்றில் சற்றே தயங்குவர். சிட்சாவிரதங்கள் நான்கனுள் இறுதியாக நிற்கும் வையாவிருத்தியத்திற்கு வரும்போதோ, பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியோரும், "அது முனிவர்களுக்கு ஆகாரம் கொடுப்பது" என்று ஒரே சொல்லில் முடித்து அடுத்ததற்குச் சென்றுவிடுகின்றனர். ஆகாரம் கொடுக்க முனிவர் ஊருக்கு வரவேண்டும். நம் சிற்றூர்கள் பலவற்றில் முனிசங்கம் எழுந்தருளுவது பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே. அவ்வாறாயின், எஞ்சிய நாள்களில் இவ்விரதம் நம் இல்லங்களில் எங்கே இருக்கிறது? இவ்விதழின் பாடமாக இதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்தின் இடத்தில் அதிதி சம்விபாகம் என்னும் பெயரை வைத்தார். நாள் குறிக்காமல் வருபவருக்குத் தன் உணவில் பங்கிடுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரோ இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதே இடத்தில் வையாவிருத்தியம் என்னும் பெயரை அமைத்தார். அந்நூலின் வழிநின்று நம் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பயின்றோர் இதனை அறிவர். பெயர் மாறியதனால் பொருளும் விரிந்தது. தானம் கொடுப்பது மட்டுமே வையாவிருத்தியம் அன்று. குணத்தின்மேல் கொண்ட அன்பினால், அடக்கமுடையோருக்கு நேர்ந்த துன்பத்தைப் போக்குதல், கால் பிடித்துவிடுதல், இன்னும் தன்னால் இயலும் எவ்வகை உதவியும் செய்தல் ஆகிய அனைத்தையும் ஆசாரியர் இச்சொல்லுக்குள் அடக்கினார். கால் பிடித்துவிடுதல் என்பதனை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொருள் உள்ளவன் சோறு கொடுக்கலாம். கால் பிடிப்பதற்குக் கைதான் வேண்டும்.

இதே சொல் துறவறத்திலும் வருகிறது. அகத்தவம் ஆறு. பிராயச்சித்தம், விநயம் ஆகிய இரண்டையும் அடுத்து மூன்றாவதாக நிற்பது வையாவிருத்தியம். அதன்பின்னரே சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் ஆகியன வருகின்றன. வையாவிருத்தியம் பெறுதற்குரியோர் பதின்மர் எனச் சூத்திரம் எண்ணிச் சொல்கிறது. ஆசாரியர், உபாத்தியாயர், தபசி, புதிதாகப் பயிலும் சைட்சர் ஆகிய நால்வரை அடுத்து ஐந்தாவதாகச் சொல்லப்படுபவர் 'கிலானர்', அதாவது நோயுற்றவர். உடம்பு வேறு, உயிர் வேறு என்று நாள்தோறும் சிந்திக்கும் துறவியர் கூட்டத்திலேயே நோயாளிக்கென்று தனியிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தன்னுடம்பின்மேல் பற்று விட்டவர் பிறருடம்பின் வலியைக் கைவிடுவதற்கு நம் அறத்தில் இடமில்லை.

ஏன் இதனைத் தவம் என்றனர்? நோயாளிக்குப் பணிவிடை செய்பவன் முதலில் எதிர்கொள்வது அருவருப்பு. சளி, வாந்தி, மலம், புண்ணின் வாடை ஆகியவற்றைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பே எனலாம். ஆயினும் ஜுகுப்சை எனப்படும் அருவருப்பை ஆகமங்கள் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாக வைத்துள்ளன. நகை, விருப்பு, வெறுப்பு, சோகம், அச்சம் ஆகியவற்றோடு அதுவும் வினையை ஈர்ப்பது. முகம் சுளிக்காமல் ஒரு பெரியவரின் துணியை மாற்றும் கை, அந்த அளவிற்கு வினையை உதிர்க்கிறது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மையும் இதுவே.

அவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாக ஆசாரியர்கள் காட்டும் உத்தாயன மன்னன் கதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டதுதான். மன்னனின் உவர்ப்பின்மையை இந்திரன் சபையில் புகழக் கேட்ட தேவன் ஒருவன், உடலெல்லாம் அழுகிய முனிவர் வடிவில் வந்து ஆகாரம் ஏற்றான். இருந்த உணவனைத்தையும் உண்டு மன்னன்மேலேயே வாந்தி எடுத்தான். அருகிருந்த ஏவலர் நாற்றம் தாங்காது ஓடிவிட்டனர். மன்னன் ஓடவில்லை. "இவருடம்புக்கு ஒவ்வாத உணவை அறியாமல் கொடுத்துவிட்டேனே" என்று வருந்தியவாறு நீரெடுத்து முனிவரைக் கழுவினான். தேவன் தன் வடிவம் காட்டி வணங்கினான் என்பது கதையின் முடிவு. நாம் பெரும்பாலும் அந்த முடிவையே சிறப்பித்துச் சொல்கிறோம். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, வாந்தி எடுத்தவர்மேல் மன்னன் குற்றம் காணாமல், தான் கொடுத்த உணவை ஐயுற்றதுதான். படுக்கையை நனைத்துவிட்ட மாமியாரிடம், "முன்கூட்டியே சொல்லக்கூடாதா?" என்று கேட்கும் இல்லங்களில் நாமும் இருந்திருக்கிறோம். நாமே கேட்டதும் உண்டு. அரைமணி நேரம் முன்னதாக நாம் சென்று கேட்டிருக்கலாம் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு தடை எழும். வையாவிருத்தியம் அடக்கமுடைய சான்றோர்க்கே உரியதென்று நூல் கூறியிருக்க, வீட்டுக் கிழவிக்கும் வேலைக்காரருக்கும் அச்சொல்லை நீட்டலாமா என்பர் சிலர். தடை நியாயமானதே, சொல்லை நம் விருப்பப்படி இழுத்தல் கூடாது. ஆயினும் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேன ஆசாரியர் ஆதிபுராணத்தில் இல்லறத்தான் கொடுக்கும் கொடையை நான்காக வகுத்துள்ளார். தகுதியுடையோர்க்குப் பக்தியோடு கொடுப்பது பாத்திரதத்தி. தன்னோடொத்த அறத்தார்க்கு மதிப்போடு கொடுப்பது சமதத்தி. தன் குடும்பப் பொறுப்பையும் பொருளையும் மகனிடம் ஒப்படைப்பது அன்வயதத்தி. இவற்றோடு தயாதத்தி என்று ஒன்றும் உண்டு. துன்புறும் எவ்வுயிர்க்கும் இரக்கத்தால் அச்சம் நீங்கச் செய்வது அது. அங்கே பாத்திரம் பார்க்கப்படுவதில்லை. துன்பம் மட்டுமே பார்க்கப்படுகிறது. எனவே முனிவர்க்குச் செய்யும் தொண்டை வையாவிருத்தியம் என்றும், ஏனையோர்க்குச் செய்வதைத் தயை என்றும் பெயரிட்டு வழங்குவோர் அவ்வாறே வழங்குக. இரண்டிற்கும் வேண்டுவது அதே கைதான். வீட்டிலுள்ள நோயாளியிடம் பழகாத கை, முனிவர் வந்த அன்று திடீரெனப் பழகிவிடும் என்று நமக்குத் தோன்றவில்லை.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நம் முன்னோர் போற்றிய நால்வகைத் தானங்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை, யாவரும் அறிந்தவையே. அஞ்சி வந்தோர்க்குப் புகலிடம் தருவதற்கென்றே இடங்கள் ஒதுக்கப்பட்டதையும், 'அஞ்சினான் புகலிடம்' என்னும் பெயர் கல்வெட்டுகளில் காணப்படுவதையும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தம் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். மருந்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் பெயரிட்டனர். இரண்டும் மருந்தின் பெயர்கள். ஐந்து வேர்களும், ஏலம் முதலான ஆறு பொருள்களும் சேர்ந்த மருந்துகள் அவை. அறம் சொல்ல வந்த நம் சமணப் புலவர்களின் நினைவுக்கு முதலில் வந்தது மருந்துப்பெட்டி என்பது எண்ணுந்தோறும் மகிழ்ச்சி தருகிறது.

இனி எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பெருமைக்குரியது அன்று, ஆயினும் இப்பாடத்திற்கு அதைவிடப் பொருந்தும் எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் குடும்பத்துப் பாட்டியார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் ஆனார். பகலில் மருமகள்மார் பார்த்துக்கொண்டனர். பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உதவிக்கு அண்டையூரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பாட்டியாரைத் திருப்பிப் படுக்க வைப்பது, பெட் பேன் வைப்பது, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவது ஆகிய அனைத்தையும் அவரே செய்தார். படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை ஒருக்களித்து மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவ்வம்மையார் கடிகாரம் பார்த்து அதனைத் தவறாமல் செய்ததால், ஐந்து மாதமும் பாட்டியாரின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

எம் இல்லத்தில் இரவுணவு இல்லை. மாலை ஐந்தரை மணிக்குள் அனைவரும் உண்டு, பாத்திரம் கழுவி, அடுப்பை அணைத்துவிடுவோம். மூன்று தலைமுறையாகத் தவறாத நியமம் அது. அம்மையார் வேலைக்கு வந்த முதல் நாள் நாம் உண்ட பிறகு, "நீயும் ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டோம். "எனக்கு எதுக்கும்மா, வீட்டுக்குப் போய்த் தின்னுக்கறேன்" என்றார். அதன்பின் நாம் கேட்கவில்லை. மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் வீட்டுச் சிறுமி ஓடிவந்து, "அந்த ஆயா கிணத்தடியில உக்காந்து இருட்டுல பன்னு தின்னுது" என்றாள். அனைவரும் கேட்டோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. படுக்கையிலிருந்த பாட்டியார்தாம், "அவள் ஒருநாளும் இங்கே சாப்பிட்டதே இல்லையா?" என்று கேட்டார்.

அன்றிரவு நம்முள் ஒரு வாதம் நடந்தது. "நாம் கொடுக்க மறுக்கவில்லையே, அவள்தானே வேண்டாம் என்றாள்" என்றார் ஒருவர். "ஒன்பது மணிக்குச் சோறு போட்டால் இரவில் உண்ணக் கொடுத்த குற்றம் நமக்கு வராதா? தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் மூன்றும் ஒன்றுதானே" என்றார் மற்றொருவர். இரண்டாவது கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கது அன்று. நியமத்தை உண்மையாகக் காப்பவர்க்கே அக்கேள்வி எழும்.

அப்போது அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் நினைவுக்கு வந்தன. அவை ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஏர்மாடும் வண்டிமாடுமே நம் கண்முன் வருகின்றன. ஐந்தனுள் முதல் மூன்றும் நம் இல்லங்களில் பெரும்பாலும் இல்லை. கடைசி இரண்டும் அவ்வாறு இல்லாமல் போய்விடவில்லை. நடவுக்கு வந்தவர்களின் கஞ்சிவேளை தள்ளிப்போகும்போதும், ஓர் ஆள் தூக்கும் மூட்டைக்குமேல் இன்னும் ஒன்றை வைக்கும்போதும், வேலை செய்யும் பெண்ணிடம் "அதையும் முடித்துவிட்டுப் போ" என்று சொல்லும்போதும் அவை மெல்ல நுழைகின்றன. அதிசாரம் என்பது விரதத்தை முறிப்பது அன்று. விரதம் நிற்கும்போதே அதன்மேல் படியும் மாசு. ஆகவேதான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உணவைத் தடுக்க வேண்டும் என்று நாம் எண்ணவில்லை என்பது உண்மையே. ஆனால் இம்சைக்கு இலக்கணம் கூறிய சூத்திரகாரர் பிரமாதம் எனப்படும் கருத்தின்மையையே அதன் வேராக வைத்தார். நீரை வடிகட்டி நுண்ணுயிர் காத்த வீட்டில் ஓர் ஐயறிவுயிர், மனமும் உடைய மானிடவுயிர், ஏழு மணி நேரம் பசித்திருந்ததை மூன்று வாரமாக யாரும் காணாததற்கு வேறு பெயர் இல்லை.

வழி கண்டவர் பாட்டியாரே. இரவில் கொடுப்பதா வேண்டாமா என்னும் வாதத்திற்குள் அவர் புகவேயில்லை. "ஐந்து மணிக்கு முதல் இலை அவளுக்குப் போடுங்கள், அவள் சாப்பிடும் வரை ஒருவர் என்னிடம் இருங்கள், அப்புறம் நீங்கள் உட்காருங்கள்" என்றார். நியமமும் கெடவில்லை; பசியும் தீர்ந்தது. மூன்று வாரம் நமக்குத் தோன்றாதது ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. முதல் இரண்டு நாள் அம்மையார் கூச்சப்பட்டு மறுத்தார். "வேண்டாம் என்பார்கள், இரண்டாம் முறையும் கேட்க வேண்டும்" என்று பாட்டியார் மருமகள்மாரிடம் சொன்னார். முதல்முறை கேட்பது கேட்பவருடைய கடனைத் தீர்ப்பதற்கு; இரண்டாம் முறை கேட்பதே கேட்கப்படுபவருக்காக என்பது அவர் கருத்து.

விரதங்களும் நோயும் சேரும் இடத்தில் இன்னும் சில செய்திகள் உண்டு. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் புரோஷத உபவாசம் மேற்கொள்ளும் முதியோர் பலர் இன்று சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர். மருந்தை எடுத்துக்கொண்டு உணவை விட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கும் தீங்காகும். வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், பேச்சுக் குழறல் ஆகியன அதன் அறிகுறிகள். நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவையும் வேளையையும் அமைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கூடாதென்றால், அவ்வாறு சொல்லப்பட்ட பெரியவரை, "இத்தனை நாள் இருந்தீர்களே, இப்போது விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டு நாணச் செய்தல் கூடாது. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் சொல்லுமிடத்தில், சக்திக்கு ஏற்ப என்றே சூத்திரம் அளவு வைத்துள்ளது. வையாவிருத்தியமும் அப்பதினாறனுள் ஒன்று என்பதை நோன்பிருப்போர் வீட்டார் நினைவில் கொள்வாராக.

படுத்திருப்பவருக்குப் படுத்த நிலையிலேயே நீரோ கஞ்சியோ புகட்டலாகாது; புரையேறி நுரையீரலுக்குள் சென்றுவிடும். முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, உண்டபின்னும் அரைமணி நேரமாவது அப்படியே இருத்த வேண்டும். காது மந்தமானவரிடம் பின்னாலிருந்து கத்துவதைவிட, முகத்தெதிரே நின்று நிதானமாகப் பேசுவது பயன் தரும். உயிர்க்காப்புக்காக நாம் நடக்கும்போது தரையைப் பார்க்கும் ஈரியாசமிதியை ஒத்தே, வாக்கர் பிடித்து நடக்கும் முதியவரின் வழியில் கிடக்கும் மிதியடியையும் மணையையும் எடுத்து ஓரம் வைப்பதும் பார்வையின் ஒழுக்கம்தான். நம் பாட்டியார் விழுந்தது நடையில் கிடந்த ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானில் கால் பட்டுத்தான்.

உணவைப் பற்றியும் நம் மரபில் ஒரு நுட்பம் உண்டு. அத்தினாபுரத்தில் அகம்பனாசாரியரும் எழுநூறு முனிவர்களும் நெருப்பு சூழ நின்ற உபசர்க்கத்தை விட்டுணுகுமார முனிவர் நீக்கிய நாள் சிராவணப் பௌர்ணமி. அன்று, புகையால் தொண்டை புண்பட்ட முனிவர்களுக்கு இல்லறத்தார் எளிதில் விழுங்கத்தக்க பாற்பாயசத்தை ஆகாரமாக அளித்தனர் என்று வழங்குவர். விட்டுணுகுமாரரின் ஆற்றல் நமக்கு இல்லை. தொண்டை நொந்திருக்கும் என்று எண்ணிப்பார்த்த அந்த இல்லத்தரசியரின் கருத்து நமக்கு எட்டாதது அன்று. பல்லில்லாத பெரியவர் தட்டில் முறுக்கை வைத்து விருந்தோம்பும் இல்லங்கள் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நலம்.

மருந்தும் உணவும் பயன்படாத நேரமும் வரும். சீவகசிந்தாமணியில், வேள்விச் சோற்றைத் தொட்டதென்று அடியுண்டு உயிர்விடும் நாயினிடம் சீவகன் செய்தது என்ன? அதனைப் பிழைக்கச் செய்ய அவனால் இயலவில்லை. அருகில் அமர்ந்து அதன் செவியில் ஐம்பதமந்திரத்தை ஓதினான். அந்த உயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கு உதவியது. காவியத்தின் போக்கிற்குச் சுதஞ்சணனின் உதவி வேண்டியதாயிற்று. சீவகன் அமர்ந்தபோது அதனை எதிர்பார்த்து அமரவில்லை. இறுதி நிலையில் உள்ளவரின் கட்டிலைச் சுற்றி நின்று நிலப்பத்திரத்தைப் பற்றியும், யார் யாருக்குப் போன் செய்வது என்பதைப் பற்றியும் உரக்கப் பேசுவது நம்மவர் சிலரிடம் காணும் வழக்கம். செவிப்புலன் கடைசிவரை இருத்தல் கூடும் என்பர் மருத்துவர். பஞ்சநமஸ்காரம் தெரிந்த பிள்ளை ஒன்று அருகில் இருந்து மெல்லச் சொன்னால் போதும். கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் போதும்.

எம் பாட்டியார் ஐந்தாம் மாத முடிவில் ஒரு விடியற்காலையில் அமைதியாக உயிர் நீத்தார். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்த அம்மையார். முந்தைய இரவு பாட்டியாரின் மூச்சு மாறியதைக் கண்டு, வீட்டுக்குப் போகாமல் தாமாகவே தங்கிவிட்டார். நமக்குத் தெரிந்த மந்திரம் அவருக்குத் தெரியாது. மாலை வேளைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியதில் முதல் இரண்டு அடியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நம் வீட்டிற்கு வருகிறார். எப்போது வந்தாலும் வெயில் தாழ்வதற்குமுன் வந்துவிடுவார். "பொழுது போறதுக்குள்ள வந்தாத்தான் உங்க வூட்டுல சோறு" என்று சிரித்துக்கொண்டே அவர் கூடத்தில் உட்காரும்போது, முதல் இலை அவருக்குப் போடப்படுகிறது.